மெலிவில் நின்ற நான்கு சுரங்கள்



ஒரு நூலின் மூல ஏடு தொலைந்துபோய் அச்சுப்படி மட்டும் எஞ்சினால் நேரும் இடர்ப்பாடுகளை இவ்வவை நன்கறியும். சொல் மாறியிருக்கிறது என்ற ஐயம் எழும்; ஒப்புநோக்க ஏடு இராது. இசைக்கும் இந்நிலை உண்டு. 1791ஆம் ஆண்டு வியன்னா நகரில் மோட்சார்ட் கிளாரினெட் கருவிக்கென இயற்றிய கான்செர்ட்டோவின் வரலாறு, ஒரு வகையில் பாடவேறுபாட்டின் வரலாறே ஆகும்.

ஐரோப்பியத் துளைக்கருவிகளுள் கிளாரினெட் வயதில் இளையது. நூரம்பர்க் நகரத்துக் கருவி வினைஞர் யோகான் கிறிஸ்டோப் டென்னர், 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில், சாலுமோ என்னும் பழைய குழலைத் திருத்தி இதனை ஆக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பெற்ற கருத்து. ஒற்றைச் சீவாளி, உருளை வடிவான குழல். மேல் நிலைக்கான சாவியைத் திறந்தால் ஒலி எட்டாம் சுரத்திற்குத் தாவுவதில்லை. பன்னிரண்டாம் சுரத்திற்குத் தாவுகிறது. ஆதலின் மெலிவும் வலிவும் ஒரே குழலுள் இருவர் குரல்போல் வேறுபட்டு ஒலிக்கின்றன. மேற்குரல் கிளாரினோ என்ற எக்காளத்தை நினைவூட்டியதால் கருவிக்கு அதன் பெயர் வாய்த்தது. கீழ்க்குரலுக்கோ இன்றளவும் சாலுமோ என்ற பழம்பெயரே வழங்குகிறது. பெயரை மேற்குரல் கொண்டுபோயிற்று. பெருமை கீழ்க்குரலுக்கு உரியது.

1778இல் மான்ஹைம் நகரத்து இசைக்குழுவில் இக்கருவி ஒலிக்கக் கேட்ட மோட்சார்ட், தம் ஊராகிய சால்ஸ்பர்க்கில் அஃது இல்லையே என்று தந்தைக்கு ஏக்கத்தோடு எழுதினார். ஏக்கம் தீர்ந்தது வியன்னாவில்தான். அங்கே அன்டோன் ஸ்டாட்லர், யோகான் ஸ்டாட்லர் என்ற உடன்பிறந்தார் இருவர் அரசவைக் காற்றிசைக் குழுவில் இருந்தனர். மூத்தவராகிய அன்டோன், மோட்சார்ட்டின் நெருங்கிய தோழரானார். 1786இல் பியானோ, வியோலா, கிளாரினெட் மூன்றிற்குமாக எழுதப்பெற்ற இசை, நண்பர் குழாத்திற்குள் வாசிப்பதற்கென்றே பிறந்தது. 1789இல் ஐங்கருவி இசை வந்தது.

ஸ்டாட்லருக்கு மெலிவின்மீது தீராத காதல். சமனிலும் வலிவிலும் திறம் காட்டிக் கைதட்டல் பெறுவோர் பலர் இருக்க, அவர் இன்னும் கீழே செல்ல விழைந்தார். அரசவைக் கருவி வினைஞர் தியோடர் லோட்ஸ் அதற்கேற்ப நீண்டதொரு கிளாரினெட்டை ஆக்கித் தந்தார். 1788இல் அது வியன்னா மேடையில் ஒலித்தது. வழக்கமான கருவி நின்றுவிடும் இடத்திற்குக் கீழே மேலும் நான்கு அரைச் சுரங்கள்! அவ்வளவே ஆதாயம். ஆனால் மோட்சார்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பிராகு நகரில் 1791 செப்டம்பர் 6 அன்று அரங்கேறிய 'லா கிளெமென்சா டி டிட்டோ' இசைநாடகத்தில் பாடகரின் குரலோடு ஸ்டாட்லரின் குழலும் உடன் நடந்தது. அடுத்த மாதமே அவருக்கெனக் கான்செர்ட்டோ முடிவுற்றது. டிசம்பர் 5 அன்று மோட்சார்ட் மறைந்தார். தனிக்கருவிக்கென அவர் எழுதி முடித்த இறுதிக் கான்செர்ட்டோ அதுவே.

மறைந்தவரின் உடைமைப் பட்டியலில், ஸ்டாட்லர் தரவேண்டிய 500 கில்டன் வாராக் கடனாகக் குறிக்கப்பெற்றிருந்தது. மோட்சார்ட்டின் அரசவை ஆண்டூதியமே 800 கில்டன்தான் என்பதை எண்ணினால் தோழமையின் விலை விளங்கும். மூலப்படிகளைப் பற்றி 1800இல் பதிப்பாளர் ஆந்த்ரேக்கு எழுதிய கைம்பெண் கொன்ஸ்டான்ஸே, ஸ்டாட்லரைக் கேட்குமாறு கூறுகிறார். பெட்டி களவு போயிற்று என்பது ஸ்டாட்லரின் கூற்று, அப்பெட்டி 73 டுக்காட்டுக்கு அடகு வைக்கப்பெற்றது என்பது பிறர் கூற்று. எது மெய்யாயினும் கான்செர்ட்டோவின் கையெழுத்துப்படி இன்றுவரை கிட்டவில்லை. எனினும் ஸ்டாட்லரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு அமைவது எளிது. அவர் மூச்சு இல்லையேல் அந்த இசை எழுதப்பெற்றே இராது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

1801ஐ ஒட்டி அச்சுப் பதிப்புகள் வெளிவந்தன. நீண்ட கருவி எவரிடமும் இல்லை என்பதால், வழக்கமான கருவிக்கு ஏற்பப் பாடம் திருத்தப்பெற்றது. கீழிறங்கும் தொடர்கள் பாதி வழியில் மேலே தூக்கி வைக்கப்பட்டன. படியிறங்கி வருபவர் கடைசிப் படியில் திடீரென மாடிக்குத் திரும்பிவிட்டதுபோல அவ்விடங்கள் ஒலிக்கும். 1802இல் லைப்சிக் இசை இதழின் மதிப்புரையாளர் இதனை எடுத்துக்காட்டுகளோடு சுட்டினார். மூலத்தை அப்படியே அச்சிட்டு, மாற்றங்களைச் சிறு எழுத்தில் அமைத்திருக்கலாமே என்றார். பதிப்பு நெறி அறிந்த மொழி அது! ஆயினும் அம்மதிப்புரை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு உறங்கிற்று. திருத்திய பாடத்தையே மூலமென்று உலகம் வாசித்தது; அதிலும் மயங்கியது.

ஆய்வாளர்க்குத் துணைநின்றவை இரண்டு: அம்மதிப்புரை, மோட்சார்ட் முதலில் பாசெட் ஹார்ன் என்ற கருவிக்கெனத் தொடங்கி நிறுத்திய, 199 அளவுகள் கொண்ட தம் கைப்படி. இவற்றைக் கொண்டும் தொடர்களின் போக்கைக் கொண்டும் மெலிவுச் சுரங்கள் மீட்கப்பெற்றன. 1977இல் வெளிவந்த புதிய மோட்சார்ட் பதிப்பு, மீட்ட பாடம், வழங்கும் பாடம் இரண்டையும் அச்சிட்டது. அப்போதும் ஸ்டாட்லரின் கருவி எவ்வுருவில் இருந்தது என்பதை எவரும் கண்டதில்லை.

1992இல் அதற்கும் விடை வந்தது. ஸ்டாட்லர் 1794இல் ரீகா நகரில் நிகழ்த்திய கச்சேரிகளின் நிகழ்ச்சித்தாளை அந்நகர நூலகத்தில் அமெரிக்க ஆய்வாளர் பமேலா பூலின் கண்டெடுத்தார். தாளில் கருவியின் படம் பொறிக்கப்பெற்றிருந்தது: நீண்ட குழல், அடியில் மடங்கிய கிளை, நுனியில் குமிழ்போல் திரண்ட வாய். அப்படத்தைப் பார்த்துக் கருவி வினைஞர்கள் மீண்டும் மரத்தைக் கடைந்தனர். கையெழுத்துப்படி வராவிடினும், அந்த நான்கு சுரங்களும் அவற்றிற்குரிய குழலில் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின.