கரண்டியுடன் கணக்கும் வேண்டும்



நம் தோட்டங்களில் கைப்பக்குவம் உள்ள தாய்மார்களுக்குக் குறைவில்லை. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் நூறு பேருக்குச் சமைத்துப் பரிமாறி விடுவார்கள். ஆனால், பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகைக்கு அழைப்பு வரும்போது அவர்களில் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். பிறகு, குத்தகை எடுத்தவரிடமே நாட்கூலிக்குச் சமைக்கப் போகிறார்கள். உழைப்பு இவர்களுடையது, இலாபம் இன்னொருவருடையது. இது ஏன்?

சமையலில் குறையில்லை. பத்திரங்களிலும் கணக்கிலும்தான் குறை. இவ்விரண்டும் பயிற்சியால் வரக்கூடியவை.

முதலில் பத்திரங்களைப் பார்ப்போம். 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி தொழிலை எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்று, தைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகள் அந்தப் பயிற்சியைச் சில மணி நேரத்தில் அளித்துவிடுகின்றன. அழைப்பு வெளியான பிறகு இவற்றுக்காக ஓடினால் நாள் போதாது. குறித்த நாளில், குறித்த மணிக்குள் போய்ச் சேராத பாரம் போட்டியிலேயே சேராது.

அடுத்தது கணக்கு. ஒரு சிறிய பள்ளியில் நாள் விற்பனை 250 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 20 பள்ளி நாட்களுக்கு 5,000 வெள்ளி வரும். அரிசி, காய்கறி, மீன் முதலியவற்றுக்கு 3,000. அரை நாள் உதவியாளருக்கு 1,000. எரிவாயு, தண்ணீர், மின்சாரத்துக்கு 300. மிச்சம் 700 வெள்ளி. மற்றவரை வென்றாக வேண்டும் என்று 500 வெள்ளி வாடகை எழுதிக் கொடுத்தால், மாதம் முழுவதும் அடுப்படியில் நின்ற தாய்க்கு 200 வெள்ளிதான் கிடைக்கும். நீண்ட பள்ளி விடுமுறையில் அதுவும் இல்லை. குத்தகை கிடைத்தது, குடும்பம் கடனில் விழுந்தது என்று ஆகிவிடக் கூடாது அல்லவா?

ஆர்.எம்.டி. எனும் துணையுணவுத் திட்டத்திற்குச் சமைப்பதாக இருந்தால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். அரசாங்கப் பணம் உணவு வழங்கிக் கணக்குக் கொடுத்த பிறகே வரும். 60 பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு 3 வெள்ளி செலவில், 20 நாள் சமைக்க 3,600 வெள்ளி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இதை அறியாதவர்களின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. அல்லது வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

ஆகவே, அழைப்பு வரும்வரை காத்திராதீர்கள். இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றாட வரவு செலவை எழுதுங்கள். டெக்குன் நேஷனல் போன்ற நிறுவனங்களில் கடனுதவி பற்றியும் பயிற்சி பற்றியும் நேரில் விசாரியுங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, பழைய குத்தகைப் பாரம் ஒன்றைப் பள்ளியில் கேட்டு வாங்கி, நிரப்பிப் பழகலாம். மலாய்மொழி புரியாத இடத்தில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரிக்குக் கீழே மட்டும் கையொப்பம் இடாதீர்கள்.

நம் பிள்ளைகள் உண்ணும் சோற்றை நம் தாய்மார்கள் சொந்தப் பெயரிலேயே சமைத்துப் போடும் நாள் வரட்டும்.