பாறும் ஊசிமருந்தும்

உணவுச் சங்கிலி என்றதும் பாடநூல்கள் புல், மான், புலி என வரைந்து நிறுத்திவிடுகின்றன. புலியும் மடியுமே, அவ்வுடலை அகற்றுவது யார் என்னும் வினாவிற்கு அப்படத்தில் விடையில்லை. பழந்தமிழ்ப் புலவர் போர்க்களங்களில் கண்டு பாடிய பாறுதான் அவ்விடை. செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் கழுகினாலேயே பெயர் பெற்ற ஊர்.

1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்திற்கு ஒன்றாய் அருகின. கொள்ளைநோய் என்றே முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு உண்மையைக் காட்டிற்று. கால்நடைகளின் வலி தணிக்கும் டைக்ளோஃபினாக் மருந்தே காரணம். அம்மருந்து செலுத்தப்பட்டுச் சில நாள்களில் இறந்த மாட்டைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்மையாய்ப் படியும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சேறியிருந்தாலே போதும், இனம் சரிந்துவிடும். ஏனெனில் ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே பசியாறும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அவ்விழப்பை ஈடுசெய்வது எங்ஙனம்?

2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. எனினும் மனிதர்க்கென விற்ற பெரிய புட்டிகள் மாட்டுக்கொட்டிலுக்குள் நுழைந்தன. 2015-இல் ஊசிமருந்துப் புட்டியின் அளவையே 3 மில்லிலிட்டராகக் குறைக்க நேர்ந்தது. சட்டம் புட்டியின் அளவுவரை இறங்கிவந்தது வியப்பன்று. தீங்கு நுழைந்த வழி அதுவே. இத்தனைக்கும் பாறுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்தும் உண்டு.

நீலகிரியின் அடிவாரத்தில், மாயாற்றங்கரை நீர்மருத மரங்களில் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. புலி தின்று எஞ்சிய இரை அங்கே கிடைக்கிறது. காட்டின் விளிம்பிலோ மாட்டுப்பட்டிகள் உள்ளன. அங்கே நோயுற்ற மாட்டிற்கு எந்த ஊசி போடப்படுகிறது என்பதை இன்றும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.