இரண்டு கற்கள்

கணக்காளர் நான், எதையும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பேன்.

மெல்பேண் பழைய ஒழுங்கைகளில் பதித்திருக்கும் நீலக்கல், எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய தீப்பாறை. எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல், கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான அடையற்பாறை. நீலக்கல்லில் வினாகிரி விட்டால் ஒன்றும் நடக்காது. சுண்ணாம்புக்கல்லில் விட்டால் நுரைக்கும். அமிலம் அதைக் கரைக்கும்.

மண்ணில் இறங்கும் மழைநீரும் மெல்லிய அமிலமே. அது காலங்காலமாகக் கரைத்த வெடிப்புகளும் பொந்துகளும்தான் எங்கள் கிணறுகளுக்கு நீர் தருகின்றன. நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதுதான். ஆனால், அதே வழியால் மலசலகூடக் குழியின் கழிவும் தோட்டத்து உரமும் வடிபடாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்கள் செலவுக் கணக்கோடு இதையும் கேளுங்கள்: கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி? குழியின் அடிப்பக்கம் சீமெந்தால் அடைத்ததா?