கடல் கடந்து புகைப்படக் கலை பயில்வார் நிலை

(அம்மையார்குப்பத்தில் கூடிய நம் சங்கத்துக் கல்விநிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் பேசுமாறு காரியதரிசியவர்கள் கடிதம் எழுதியபோது யாம் சிறிது தயங்கினோம். மேடையில் நின்று பேசுதல் எம் தொழிலன்று. மேடையில் நிற்போரைப் படமெடுத்தலே எம் தொழில். ஆயினும், இங்கிலாந்து சென்று புகைப்படக் கலை பயில விரும்பும் நம்மூர்ப் பெண்ணொருத்தி கல்விநிதியினின்று கடன் கேட்டு மனுச் செய்திருக்கின்றாளென்றும், அதைக் குறித்து நிர்வாக சபையாரிடையே அபிப்பிராய பேதம் உண்டாகியிருக்கின்றதென்றும், அவ்வழி முன்னர்ச் சென்று மீண்டவர் நம்மூரில் யாம் ஒருவரே என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். ஆதலின் மறுக்க இயலாமற் போயிற்று.

சபையாரிற் சிலர் கேட்கும் கேள்வி இது: “போட்டோப் பிடிக்கக் கற்றுக்கொள்ளக் கடல் கடக்க வேண்டுமா? கையிலுள்ள செல்போனில் நாலு வயதுக் குழந்தையும் படம் பிடிக்கின்றதே!” இக்கேள்வியை யாம் எளிதாகத் தள்ளமாட்டோம். நமக்கு அருகிலுள்ள வேலூரிற் பிறந்த ஆர். நடராஜ முதலியார் மோட்டார் உதிரிப்பாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். அவர் கடல் கடக்கவில்லை. பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் காமிராவைக் கையாளும் முறையைக் கற்றுத் திரும்பி, 1910-களின் இறுதியில் ‘கீசகவதம்’ என்னும் பேசாப் படத்தைச் சென்னையில் எடுத்தார். தென்னாட்டில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் அது. இந்நாளிலோ தரமணியில் அரசினர் திரைப்படக் கல்விநிலையம் இருக்கின்றது. குஜராத் காந்திநகரில் தேசிய வடிவமைப்புக் கழகம் புகைப்படத்திற்கென்றே மேற்படிப்பு வைத்திருக்கின்றது. ஆகவே, வெளிநாடு சென்றாலன்றி இக்கலை வாராதென்று எவரேனும் சொல்வாராயின், அவர் கட்டணத்திற் பங்கு பெறும் ஏஜெண்டாக இருப்பார்.

பின் ஏன் செல்ல வேண்டும்? கோட்டையூர் ஏ. கே. செட்டியாரவர்களின் (1911–1983) சரிதத்தை நினைத்துப் பார்த்தல் இதற்கு உதவும். அவர் நம்மைப் போன்றே ஒரு சமூகப் பத்திரிகையோடு தொடர்புடையவர். பர்மாவில் நகரத்தார்க்கென வெளிவந்த ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 1930-களின் நடுவில் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவிற் புகைப்படக் கலை பயின்றார். பின்னர் நியூயார்க் சென்று, அங்கும் ஒரு புகைப்படக் கல்விநிலையத்திற் படித்து 1937-இற் பட்டயம் பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தை நோக்கிச் சென்ற ‘சமேரியா’ என்னும் கப்பலில், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாகத் தொகுக்க வேண்டுமென்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறும் நிறையவில்லை. நான்கு கண்டங்களிற் சுற்றி, எவரெவரோ எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடி, ஏறத்தாழ 50,000 அடிப் படம் சேகரித்தார். அவற்றினின்று 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்து, 1940 ஆகஸ்டு 23-இற் சென்னை ராக்ஸி கொட்டகையில் வெளியிட்டார்.

இம்முயற்சிக்கு வேண்டியிருந்தது காமிராவை அழுத்தும் விரல் மாத்திரமன்று. எந்நாட்டுப் படச்சாலையில் எது கிடைக்கும், யாரிடம் எவ்வாறு கேட்பது, பழுதுபட்ட சுருளை எவ்வாறு செப்பனிடுவது என்னும் அறிவு வேண்டியிருந்தது. அத்தொழிலாரோடு ஒருவராய்க் கலந்து பழகாமல் அது வருவதரிது. வெளிநாட்டுக் கல்வியால் வரும் லாபம் என்று யாம் கருதுவது இதுவே. ஆனால் ஒன்று: செட்டியாரவர்கள் ஒரு முதலாளியைத் தேடிக்கொண்டு செல்லவில்லை. தமக்கு வேண்டிய வேலையைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். எழுத்தென்னும் இன்னொரு கையும் அவருக்கிருந்தது. நம் பிள்ளைகள் செல்வது கடன் வாங்கி; அவர்களுக்கு அத்தகைய சுதந்தரம் இல்லை. இனி எம் கதையைச் சொல்லுகின்றோம், அதிற் பெருமைக்கிடமில்லை.

2012 செப்டம்பரில் யாம் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு நகரத்திற் கலைக் கல்லூரியொன்றிற் சேர்ந்தோம். ஓராண்டு மேற்படிப்பு. எம் தந்தையார் இரண்டு விசைத்தறிகளை விற்றார். எஞ்சியதற்கு வங்கிக் கடன். அந்நாட்டு விசாவுக்கு, படிப்புச் செலவும் சாப்பாட்டுச் செலவும் மாணவன் கணக்கில் இருபத்தெட்டு நாள் தொடர்ந்து இருக்கவேண்டும் என்பது விதி. அப்பணத்தை வட்டிக்குத் தருவோர் உளர் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. எம் கணக்கில் இருபத்தெட்டு நாள் இருந்த பணம், விசா வந்த மறுவாரமே வந்த வழியே போயிற்று. விமானத்தில் ஏறியபோது எம்மிடம் ஏழு வாரத்து வாடகைக்கான பணமே இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இவ்வொரு செய்தியை மறவாதிருக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.

படிப்பை முடித்தவர்கள் ஈராண்டு தங்கி வேலை செய்ய அந்நாட்டில் முன்பு ஒரு வழி இருந்தது. 2012 ஏப்ரலில் அதனை மூடிவிட்டார்கள். யாம் சென்றது செப்டம்பரில்! எம்மை அனுப்பிய ஏஜெண்டு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. படிப்பு முடிந்தபின் எமக்கிருந்த அவகாசம் நான்கு மாதம். அதற்குள், அரசாங்க அநுமதி பெற்ற முதலாளி ஒருவர், ஆண்டுக்கு 20,000 பவுனுக்கு மேற்பட்ட சம்பளத்தில் எம்மை எடுத்துக்கொண்டாலன்றித் தங்க முடியாது. ஆகவே பாடம் தொடங்கிய முதல் மாதத்திலேயே வேலை தேடவும் தொடங்கினோம்.

கல்லூரி நடக்கும் காலத்தில் மாணவர் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்யலாம். அந்நாளிற் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6 பவுன் 19 பென்ஸ். ஓர் உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவினோம். வாரம் 123 பவுன் சொச்சம் வந்தது. அறை வாடகைக்கே 75 பவுன் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை. எம் அன்னையார், “பிள்ளை வாரம் நூற்றிருபது பவுன் சம்பாதிக்கின்றான்” என்று அண்டை வீட்டாரிடம் சொல்ல, தெருக்கோடியிலிருந்த பாட்டியார் ஒருவர் அதைத் தங்கப் பவுன் என்றே கொண்டுவிட்டார். பிறகு திருமணத்துக்கென்றும் தறிக்கென்றும் கைமாற்றுக் கேட்டு உறவினர் வரத் தொடங்கினர். சிரித்து மறுக்கவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் மனமில்லாமல், அன்னையார் பட்ட சங்கடத்தைப் பின்னரே அறிந்தோம்.

புகைப்பட மாணவனுக்கென்றே வாய்த்த ஒரு துன்பம் உண்டு. மாணவ விசாவிற் சென்றவர் கூலிக்கு வேலை செய்யலாமேயன்றிச் சொந்தப் பொறுப்பில் தொழில் செய்யக்கூடாதென்பது அந்நாட்டுச் சட்டம், இன்றும் அவ்வாறே. எம் தொழிலோ பெரும்பாலும் சொந்தப் பொறுப்பிலேயே நடப்பது. மாதச் சம்பளத்துக்குப் படப்பிடிப்பாளரை வைத்துக்கொள்ளும் நிலையங்கள் மிகச் சில. அந்நகரத்து ஈழத்தமிழ்க் குடும்பத்தார் ஒருவர் தம் மகளின் சடங்குக்குப் படமெடுக்க எம்மை அழைத்து, ஒரு நாளைக்கு முந்நூறு பவுன் தருவதாகச் சொன்னார். எம் கைக்குத் தெரிந்த வேலை. இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை. மறுத்துவிட்டு, அன்றிரவு எண்ணெய்ச் சட்டி தேய்க்கச் சென்றோம். நேர்மையால் மறுத்தோமென்று எண்ணவேண்டா, அச்சத்தால் மறுத்தோம். அவ்வாறு ஏற்றுப் பிடிபட்டவர் படிப்பையும் விசாவையும் ஒருங்கே இழப்பர்.

இரவு வேலையின் பயன் இருட்டறையிலும் தெரிந்தது. பிலிம் சுருளைக் கழுவும் பயிற்சி எங்கள் பாடத்தில் இருந்தது. பருவத்தேர்வுக்குரிய சுருளைத் தொட்டியிலிட்டு, மருந்தையூற்றி, ஏழரை நிமிடம் ஆட்டி ஆட்டி எடுக்கவேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்து சென்றிருந்த யாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டோம். கண் விழித்தபோது அரைமணி கடந்திருந்தது. சுருள் முழுதும் கரிக்கட்டிபோற் கறுத்துவிட்டது. நான்கு வாரம் துறைமுகத்தில் அலைந்து எடுத்த படங்கள் அவை. ஆசிரியர் கோபிக்கவில்லை. “வாரம் எத்தனை மணி நேரம் படிக்கின்றாய்?” என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தோம். பாத்திரத்துக்கு இருபது மணி, விண்ணப்பம் எழுத ஏறக்குறைய பதினைந்து மணி. படத்துக்கு எஞ்சியது பத்து மணி கூட இல்லை. எதற்காகத் தறி விற்றோமோ அதற்கு வாரத்தில் ஒரு நாள்தான் கிடைத்தது!

அறுபத்துமூன்று விண்ணப்பங்கள் அனுப்பினோம். (எண்ணிக்கை நாயன்மாரை நினைப்பூட்டுகின்றது, பலன் அவ்வாறில்லை.) மறுமொழி வந்தவை ஐந்து, நேரில் அழைத்தவர் இருவர். அவ்விருவரில் ஒருவர், விசாவைப் பற்றிக் கேட்டவுடன் காப்பி கொடுத்து வழியனுப்பினார். மற்றொருவர் துணி வியாபாரத்துக்குப் படமெடுக்கும் நிலையத்தார். அவரும் எம்மை வைத்துக்கொள்ள முடியவில்லை. எனினும் அங்கே ஒரு நாள் சோதனைக்கு நின்றபோது எம் கையின் பழக்கம் எமக்கே தெரிந்தது. துணியை விரித்தவுடன் நேர்ப்புறம் எது, மறுபுறம் எது, ஊடை எப்பக்கம் ஓடுகின்றது என்று விரல் சொல்லிற்று. பளபளப்பான இழைக்கு நேரே விளக்கை வைத்தால் வெள்ளையாய் எரிந்துபோம். பக்கத்திலிருந்து மெல்லிய வெளிச்சம் விடவேண்டும். அங்கிருந்தவர்கள் இதைக் கற்றுத் தெரிந்திருந்தார்கள். யாம் தறிக்கூடத்து ஜன்னலோரம் தார் சுற்றிய நாளிலேயே கண்டிருந்தோம்.

ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து தொலைபேசி வரும். “வேலை கிடைத்ததா?” என்பதே தந்தையாரின் முதற் கேள்வி. “படிப்பு எப்படி?” என்பது மூன்றாவதோ நான்காவதோ. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், படப்பிடிப்பு நிலையமொன்றில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டோமென்று பொய் சொன்னோம். சொன்ன பின் அக்கேள்வி நின்றது, அமைதியாயிற்று. அந்த அமைதிக்காகவே ஓராண்டும் அப்பொய்யைக் காத்தோம். 2014 ஜனவரியில் விசா முடிந்து ஊர் திரும்பி உண்மையைச் சொன்னபோது, தந்தையார் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். ஓர் இழையும் விடாமற் பிணைத்து முடித்து எழுந்து, “சாப்பிட்டாயா?” என்றார். வங்கிக் கடன் தீர ஏழாண்டு சென்றது. துணிக்கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்தே அதைத் தீர்த்தோம்.

அந்நாளைக்கும் இந்நாளைக்கும் சட்டத்திற் சில வேறுபாடுகள் உள. இங்கிலாந்தில் 2021 ஜூலை முதல் பட்டம் பெற்றவர் ஈராண்டு தங்கலாம். அக்காலத்திற் சொந்தத் தொழிலும் செய்யலாம். எம் போன்றோர்க்கு இஃது பெருவரம். ஆனால் 2027 ஜனவரி முதலாக விண்ணப்பிப்போர்க்கு அது பதினெட்டு மாதமாகக் குறையுமென்று அறிவித்திருக்கின்றார்கள். அமெரிக்காவிற் படிப்பு முடிந்தபின் தம் துறையில் ஓராண்டு வேலை செய்யலாம். கணினி படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மேலும் ஈராண்டு கிடைப்பதைக் கண்டு, புகைப்படம் படிப்பவர்க்கும் கிடைக்குமென்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானில் அநுமதி பெற்ற மாணவர் வாரம் இருபத்தெட்டு மணி வேலை செய்யலாம். அங்கு அந்நாட்டு மொழி தெரியாமற் காலந்தள்ளுவது கடினம்.

இனி, வந்துள்ள மனு. அதைக் காரியதரிசியவர்கள் எமக்குக் காட்டினார்கள். அப்பெண் இணைத்திருக்கும் படங்கள் நாற்பது. எல்லாம் திருத்தணிகையில் டிசம்பர் 31-ஆம் நாள் இரவு நடக்கும் படித்திருவிழாவில் எடுத்தவை. முந்நூற்றறுபத்தைந்து படிகளிலும் கற்பூரம் எரிகின்றது. அவள் காமிராவைத் தீபத்தின்மேல் வைக்கவில்லை. தீபத்தின் வெளிச்சம் விழும் முகங்களின்மேல் வைத்திருக்கின்றாள். செல்போனில் எடுத்தவை என்று குறிப்பு எழுதியிருக்கின்றாள். எமக்கு அவ்வயதில் இப்பார்வை இருந்ததில்லை. ஆகவே, தகுதியைப் பற்றிய ஐயம் சபையார்க்கு வேண்டா. பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்றும் ஒரு பெரியவர் எழுதிக் கேட்டிருக்கின்றார். நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தறிக்கு வேண்டியதைச் செய்த நாளில் எவரும் இதைக் கேட்டதில்லை.

எம் ஐயம் வேறு. மனுவிற் கட்டணக் கணக்கு இருக்கின்றது. விமானக் கூலி இருக்கின்றது. வாடகைக் கணக்கு இல்லை. “பகுதிநேர வேலை செய்து பார்த்துக்கொள்வேன்” என்று ஒரு வரி. அந்த வரியை யாமும் ஒரு காலத்தில் எழுதினோம். ஆதலின், கட்டணத்துக்காகக் கேட்டிருக்கும் தொகையிற் பாதியைச் சங்கம் கொடுத்தாற் போதும், மறுபாதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்பதும், சங்கத்தின் எஞ்சிய பாதியைப் பத்து மாத வாடகையாக அவள் பெயரிலேயே தனியே வைத்து மாதந்தோறும் அனுப்பவேண்டும் என்பதும் எம் யோசனை. வேலைக்குச் செல்வதாயின் வாரம் எட்டு மணிக்கு மேல் வேண்டா. கடனைத் திருப்பத் தொடங்குவது படிப்பு முடிந்து ஈராண்டுக்குப் பின்.

அவள் தந்தையார் இக்கூட்டத்தில், பின்வரிசையில், தூணருகே அமர்ந்திருக்கின்றார். அவரிடம் ஒரு விண்ணப்பம். அண்ணா, முதலாண்டில் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் வேலையைப் பற்றிக் கேட்பதில்லையென்று தாங்கள் வாக்களிப்பீர்களாயின், அப்பத்து மாத வாடகையில் மூன்று மாதத்தை யாம் எம் கைப்பொருளினின்று நிதிக்குச் செலுத்துவோம். இன்றிரவே விடை சொல்ல வேண்டுவதில்லை. நாளை காலை யாம் நம் தெருவிலேயே இருப்போம், வீட்டுக்கு வாருங்கள்.