மருந்துக் கவுண்டரும் மாஜி ராணுவ வீரர்களும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "நீ பார்க்கிற வேலையைப் பத்திப் பேசேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். நம்மில் மருந்துத் தொழிற்சாலை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் இருக்கிறீர்கள். கடல் தாண்டிப் போய்ப் பேர் வாங்கியவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். நான் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவன். எட்டயபுரத்தில் என் பெரியம்மா இன்றைக்கும் என்னை, "எந்தத் தெருவுலடா மெடிக்கல் ஷாப் வச்சிருக்க?" என்றுதான் கேட்கிறாள்.

நான் இருப்பது முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு பாலிகிளினிக்கில். மருந்தகப் பிரிவை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. மாணவர்களுக்கு இந்தத் திட்டம் தெரிந்திருக்காது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. ஈ.சி.எச்.எஸ். என்றால்தான் எங்கள் பக்கத்துப் பென்ஷன்காரர்களுக்குப் புரியும். அதற்கு முன்பு ஓய்வு பெற்ற ஒரு சிப்பாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், எங்கேயோ இருக்கிற ராணுவ மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டும், இல்லை கைக்காசைப் போட வேண்டும். கரிசல்காட்டுக் கிராமத்திலிருந்து ஒரு கிழவர் எங்கே போவார்? இப்போது நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. வீரர், மனைவி, சார்ந்திருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் வருகிறார்கள். டாக்டர், பல் டாக்டர், லேப், மருந்தகம் எல்லாம் ஒரே கட்டிடத்தில். பெரிய வைத்தியம் என்றால் வெளி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் என்று மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிற கூட்டம் இருக்கிறதே, அது முழுக்க எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஏன் இத்தனை பேர் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று வடக்கே இருப்பவர்கள் கேட்பதுண்டு. வானம் பார்த்த பூமி சார். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மிளகாய் எதுவானாலும் ஐப்பசி மழை வந்தால் உண்டு. வராத வருஷம் தீப்பெட்டி ஆபீஸ், இல்லை பட்டாளம். பதினெட்டு வயதில் கோவில்பட்டியில் ரயில் ஏறிப் போனவர்கள், நாற்பது வயதில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். பெட்டி மேல் வெள்ளைப் பெயிண்டில் பேரும் நம்பரும் இருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றிப் பின்னால் சொல்லப் போகிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பொறுப்பேற்றபோது டோக்கன் கூட்டம் வாசல் வரை நிற்கும். வந்தவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த விதவை அம்மா, மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார். மனசு பொறுக்கவில்லை. கவுண்டரை இரண்டாக்கினேன். அதிகம் ஓடும் மருந்துகளைக் கைக்கு எட்டும் தட்டில் வைத்தேன். காலாவதி முன்னால் வருவது முன்னால் போக வேண்டும் என்று ரேக்கை மாற்றி அடுக்கினேன். ஒரு மாதத்தில் கூட்டம் கடகடவென்று நகர ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு ஒரு டோக்கன்! எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. அப்போதுதான் அது நடந்தது.

எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பல வருஷமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று சாப்பிட்டு வந்தார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்ததால், டாக்டர் முறைப்படி கூட்டு மாத்திரையை நிறுத்தி, இரண்டையும் தனித்தனியாக, அளவைக் குறைத்து எழுதினார். சரியான சீட்டு. எங்கள் கவுண்டரில் சரியான மாத்திரை, சரியான எண்ணிக்கை, உறையில் சரியாக எழுதிக் கொடுத்தோம். "புரிஞ்சுதா ஐயா?" என்று கேட்டதும் உண்டு. "சரி சார்" என்றார், நிமிர்ந்து நின்று. அடுத்த டோக்கன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மிளகாய்க் காட்டில் வேலையாக இருந்தவர் வேர்த்துக் கொட்டித் தள்ளாடியிருக்கிறார். பேச்சு குழறியிருக்கிறது. பட்டாளத்துக்காரர் தள்ளாடினால் ஊர் என்ன நினைக்கும்? கேன்டீன் சரக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர் மனைவிக்கு மட்டும் தெரியும், மனுஷன் குடிப்பதை நிறுத்திப் பதினொரு வருஷம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்து, வேனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார். சர்க்கரை அளவு அபாயமாக இறங்கியிருந்தது. இந்த வகை மருந்தில், குளுகோஸ் ஏற்றி நினைவு வந்த பிறகும் மறுபடி இறங்கலாம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், சிறுநீரகம் மந்தமான முதியவரிடம் அது இன்னும் நீளும். இரண்டு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன நான் அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்க தம்பி" என்று அந்த அம்மா பாய் விரித்தார். மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டேன். ஹவில்தார் எழுந்து போய் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள் தேதிவாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு, வரிசையாக அடுக்கியிருந்தன. நம் லேபில்கூட அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. மிச்சம் விழுந்த பழைய கூட்டு மாத்திரை மட்டும் மூன்று மாதத்துக்குத் தேறும். காலையில் அதிலிருந்து ஒன்று, புதிய உறையிலிருந்தும் ஒன்று ஒன்று என்று சாப்பிட்டிருக்கிறார்.

"பழசை ஏன் ஐயா சாப்பிட்டீங்க?" என்றேன்.

"புதுசு சாப்பிடச் சொன்னீங்க, சாப்பிட்டேன். பழசை நிறுத்தணும்னு ஆர்டர் வரலையே சார்" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் கேஸ் ஷீட்டில் நிறுத்தியிருக்கிறார். கம்ப்யூட்டரில் நிறுத்தியாகிவிட்டது. நாங்களும் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். நிறுத்த வேண்டிய அந்த ஒரு மனிதரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. கவுண்டரில் நின்ற சின்னப் பையன் மேல் பழி போடலாம். ஆனால் அவனுக்கு நிமிஷத்துக்கு ஒரு டோக்கன் என்று இலக்கு வைத்தது யார்? நான்தான்.

அன்றைக்கு இன்னொன்றும் உறைத்தது. இருபது வருஷம் படையில் இருந்தவரிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரியலை" என்று எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டார். அது அவர் பழகிய ஒழுங்கு. அவருடைய "சரி சார்" என்பதற்கு, "காது கேட்டது" என்றுதான் அர்த்தம்.

நாம் படித்த காலத்தில் நோயாளியிடம் பேசுவதற்கென்று பெரிதாக ஒன்றும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. பார்மசி சட்டம் 1948-இன் 42-ஆவது பிரிவு, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்பது, மனப்பாடம். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது நம் கடமை என்று 2015-ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகளில்தான் தெளிவாக எழுதி வந்தது. வெளிநாட்டில் எப்படி என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இந்தியன் ஹெல்த் சர்வீஸ் என்று ஒன்று உண்டு. நம் இந்தியா இல்லை. அந்த நாட்டுப் பூர்வகுடிகளுக்கான மருத்துவத் துறை. அங்கே பார்மசிஸ்ட் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இந்த மருந்து எதற்கு என்று டாக்டர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்? "சரி சார்" என்று எதற்குமே பதில் சொல்ல முடியாது பாருங்கள். நான் அதோடு நாலாவதாக ஒன்று சேர்த்தேன்: "வீட்டுல இன்னும் என்ன மாத்திரை இருக்கு?"

அந்த நாட்டின் முன்னாள் வீரர் மருத்துவத் துறையில், வெளிநோயாளி மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் தபாலிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறதாம். இயந்திரமே எண்ணி, அடைத்து, முகவரி ஒட்டி அனுப்புகிற மையங்கள் இருக்கின்றன. அதனால் பார்மசிஸ்டுகள் மாத்திரை எண்ணுவதை விட்டு, கிளினிக்கில் உட்கார்ந்து நோயாளியோடு பேசுகிறார்கள், மருந்தின் அளவைக்கூட மாற்றி எழுதுகிறார்கள். படித்துவிட்டுப் பெருமூச்சுதான் விட்டேன். நமக்கு எண்ணுவதும் நாம்தான், பேசுவதும் நாம்தான்.

வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கொண்டு வாருங்கள் என்று போர்டு எழுதி வைத்தேன். ஒருத்தரும் கொண்டு வரவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த ஹவில்தார்தான் யோசனை சொன்னார். "சார், கிட் இன்ஸ்பெக்ஷன்னு எழுதிப் போடுங்க, எல்லாப் பயலும் வருவான்." அப்படியே எழுதினேன். புதன்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நம்ப மாட்டீர்கள், பை பையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்! மேஜை மேல் வரிசையாக வைத்து, விறைப்பாகப் பக்கத்தில் நிற்பார்கள்.

அந்தப் பைகளில் பார்த்ததைச் சொன்னால் மருந்தியல் பேராசிரியர் இன்னொரு பாடப்புத்தகம் எழுதலாம். ஒரே அம்லோடிபின் இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் சாப்பிட்டுவிட்டுக் கால் வீக்கம் என்று வந்திருப்பார். ரத்த அழுத்த மாத்திரைக்கு நடுவே, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் இருக்கும். பெண்டாட்டியின் தைராய்டு மாத்திரையை, "நல்லா கேக்குதுன்னாளே" என்று புருஷன் சாப்பிட்டிருப்பார். ஒரு பையில் வெறும் நாட்டு லேகியம் மட்டும், எங்கள் மாத்திரை ஒன்றுகூட இல்லை. அவரிடம் கொஞ்சம் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

ஒரு விதவை அம்மா இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆயுசு முழுக்கத் தீப்பெட்டி ஒட்டியவர். சேவல் படம் போட்டது காலைக்கு, நிலாப் படம் போட்டது ராத்திரிக்கு என்று, அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே போட்டிருந்தார். அறிவைப் பாருங்கள்! ஆனால் வெட்டியதில் மருந்தின் பெயரும் போச்சு, காலாவதித் தேதியும் போச்சு. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, வெட்டாத அட்டையின் முதுகில் நாங்களே சேவலும் நிலாவும் வரைந்து கொடுக்க ஆரம்பித்தோம். என் சேவலைப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, காக்காயா?" என்றார் அந்த அம்மா.

இன்சுலின் இன்னொரு கதை. எங்கள் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் பத்திரமாக இருக்கும். வீட்டில் ஃபிரிஜ் இல்லாதவர் சித்திரை வெயிலில் அதை எங்கே வைப்பார்? டப்பாவில் இறுக மூடி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நிழலில் வைக்கச் சொல்கிறோம். உபயோகத்தில் இருக்கும் குப்பிக்கு அது போதும். திறந்த தேதியைக் குப்பி மேலேயே எழுதிக் கொடுத்துவிடுவோம். சில பேர் ஃபிரிஜ் இருந்தும் ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். உறைந்த இன்சுலின் வீண். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நாலு கேள்வி கேட்டால் லைன் மெதுவாகத்தான் நகரும். பஸ்ஸுக்கு நேரமாகுது என்று திட்டுகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது பழைய மருந்தே தொடர்கிறவர்களுக்கு ஒரு கவுண்டர், மருந்தோ அளவோ மாறியவர்களுக்கு ஒரு கவுண்டர் என்று பிரித்திருக்கிறேன். இரண்டாவதில் வேகத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. அப்படியும் மாத முதல் வாரத் திங்கட்கிழமைகளில் கூட்டம் மிஞ்சிவிட்டால், நாங்களும் "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறோம். அந்த நாட்களில் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

டிப்ளமோ மாணவர்கள் 500 மணி நேரம் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதில் ஒரு புதன்கிழமையை எங்களுக்குக் கொடுங்கள் என்று முதல்வர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏற்கனவே இரண்டு பேர் வந்து போனார்கள். அவர்களில் ஒரு மாணவிதான் போன மாதம் ஹவில்தாருக்கு மருந்து கொடுத்தாள். புதிதாக ஒரு கொழுப்பு மாத்திரை எழுதியிருந்தது. நாலு கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டு உறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பையைத் திறந்து பழைய அட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, "இதுல எதை நிறுத்தணும்மா, மொதல்ல அந்த ஆர்டரைச் சொல்லு" என்றார்.