உலைக்கு முன் ஒரு பிடி



இந்தத் தமிழ்ச் சங்க விழாவில் நன்றியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிவிட்டுப் போயிருக்க, தமிழரிடம் நின்று நன்றி பற்றிப் பேசுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற வேலைதான். நானும் அந்தச் சீமைக்காரன் என்பதால் துணிந்துவிட்டேன். இந்த அரங்கில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறீர்கள். நான் அறிந்த கிறிஸ்தவ வீட்டுப் பழக்கங்களை வைத்துப் பேசுகிறேன். பிரசங்கமாக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டம்மா உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவார். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவார். வாய் ஒரு ஸ்தோத்திரம் சொல்லும். அடுத்த நிமிடம் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா அரிசி ஒரு மஞ்சள் பையில் ஏறி, தேவாலயத்துக்குப் போகும். அங்கே பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழும். எது யார் வீட்டு அரிசி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதை விற்ற காசு ஊழியத்துக்கும் இல்லாதவர்களுக்கும் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கை நீளும் நேரம். சாப்பிட்டு மிஞ்சியதை அவர் கொடுக்கவில்லை. அளந்த அரிசி வீட்டுக்குக் காணுமா காணாதா என்று தெரிவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுகிறார். அன்றைக்கு மனம் நிறைந்திருந்ததா, மாமியாரோடு மனத்தாங்கலா என்பதெல்லாம் கணக்கில் வராது. உலை வைத்தால் ஒரு பிடி. நன்றி உணர்ச்சி வரட்டும், பிறகு நன்றி சொல்லலாம் என்று காத்திருந்தால் பாதி நாள் வராது. கை பழகிவிட்டால் மனம் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமான பழக்கமும் அல்ல. மிசோரம் பிரெஸ்பிட்டீரியன் சபையில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் நடக்கிறது. சமைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. பெண்கள் அதைச் சேகரிக்கிறார்கள், சபை விற்றுக் காசாக்குகிறது. அந்த மலை மாநிலத்திலிருந்து வெளியிடங்களுக்கு ஊழியர்கள் போவதற்குப் பின்னால் இந்தச் சமையலறை அரிசி இருக்கிறது.

அரிசி யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். நமக்கு உதவியவருக்கே திருப்பிச் செய்வது ஒரு வகை நன்றி. நம்மை அறியாத மூன்றாம் மனிதருக்குச் செய்வது இன்னொரு வகை. வெளிநாட்டு மிஷனெரிகளிடம் பள்ளியும் மருத்துவமும் வேதமும் பெற்ற திருநெல்வேலிச் சபையார், 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். பெற்றதைத் தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, டோர்னக்கலிலேயே வாழ்ந்தார். வாங்கிய இடத்தில் கடனை அடைக்காமல் வேறு இடத்தில் அடைத்தவர்கள் அவர்கள்.

நன்றி என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. தேவாலயங்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். முதல் வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிய சேவல் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு பாட்டி கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டையை ஏலம் விடுவார்கள். விலை ஏறும். எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாக வைத்துவிடுவார். மறுபடி ஏலம். ஒரே முட்டை நாலு வீட்டுக் கணக்கில் விலைபோய், கடைசியில் யாரோ ஒரு பையன் கையில் உடையும். கூட்டமே சிரிக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. துன்பத்தில் இருக்கிறவரிடம் போய், "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று உபதேசம் பண்ணுவது கொடுமை. வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் துதிக்குப் பக்கத்திலேயே புலம்பலும் முறையீடும் உட்கார்ந்திருக்கின்றன. கடவுளிடம் சண்டை போடவும் அங்கே இடம் உண்டு.

துன்பத்தை நன்றாக அறிந்த ஒருவரின் நன்றிப் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர்க் காலம். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் அகதிகள் வந்து குவிந்தார்கள். 1637-ல் கொள்ளைநோய் புகுந்தது. அவர் அடக்கம் செய்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். உலகமெங்கும் சபைகளில் இன்றைக்கும் பாடுகிற ஒரு நன்றிப் பாட்டு அவர் எழுதியது. கொள்ளைநோய்க்கு நன்றி சொன்ன பாட்டு அல்ல அது. தன் வீட்டார் உணவு வேளையில் சொல்வதற்கென்று எழுதிய சாப்பாட்டு ஜெபம். இருப்பது எவ்வளவு கொஞ்சமானாலும், உண்ணும் முன் கை கூப்புகிற வீட்டுப் பழக்கத்தில் பிறந்தது.

வெளிநாட்டில் வாழும் உங்களிடம் சொல்ல ஒரு கதை லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. பத்துத் தொழுநோயாளிகள் இயேசுவால் சுகமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசாரியரிடம் போய்த் தங்களைக் காட்டச் சொன்னார், போனார்கள். எத்தனையோ காலமாகப் பார்க்காத பெண்டாட்டி பிள்ளைகள் ஞாபகம் வந்திருக்கும். அவசரம். நம்மில் பெரும்பாலோர் அந்த ஒன்பது பேர்தான். திரும்பி வந்தவன் சமாரியன், அந்நியன். அவனுக்கு எதுவும் உரிமையாக வரவில்லை, அதனால் எல்லாம் கொடையாகத் தெரிந்திருக்கும். வந்த புதிதில் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போன நண்பரையும், குளிர் அங்கி இரவல் தந்த அக்காவையும் நினைத்துக்கொள்ளுங்கள். வீடு, கார், குடியுரிமை என்று வந்த பிறகு அந்தப் பெயர்கள்தான் முதலில் மறந்துபோகின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்தச் சமயமானாலும் உங்கள் சமையலறையில் ஒரு டப்பா வையுங்கள். குக்கரில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அதில் விழட்டும். அதைப் பிள்ளைகளின் கையால் போடச் சொல்லுங்கள், அவர்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது. மாதம் ஒருமுறை, அதில் சேர்ந்த அளவுக்குப் பிரிக்காத அரிசிப் பை ஒன்று வாங்கி உங்கள் ஊர் உணவு வங்கிக்குக் கொடுங்கள்; டப்பா அரிசி வீட்டு உலைக்கே போகட்டும். இந்தப் பழக்கத்தைச் சங்கமே ஏற்று, அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை மூட்டை சேர்ந்தது என்று செயலாளர் அறிக்கையில் ஒரு வரி வாசிக்கலாம். முதல் மூட்டை என் செலவில். இன்றிரவு பந்தியில் இறங்கும் முன், பின்கட்டில் காலையிலிருந்து அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் தொண்டர்களிடம் போய், பேர் சொல்லி நன்றி சொல்லிவிட்டு இலையில் உட்காருங்கள்.