ஹீட்டர் மேல் பழி

மார்கழி, தை வந்தால் பூண்டுலோயாப் பக்கம் ஒரு பேச்சுக் கிளம்பும். "ஹீட்டர் பழசாப் போச்சு, அதுதான் கரண்ட் பில் ஏறுது, புதுசு ஒன்னு வாங்கணும்." கடைக்காரரும் ஆமாம் என்று தலையாட்டுவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பத்து வருஷத்துப் பழைய ஹீட்டரும் நேற்று வாங்கிய ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தருகின்றன. உள்ளே இருப்பது கம்பிச் சுருள். அதற்குள் போகிற மின்சாரம் சூடாகத்தான் வெளியே வரும். வேறு போக்கிடம் கிடையாது.

அப்படியானால் பில் ஏன் ஏறுகிறது? 2000 வாட் ஹீட்டரை மாலையில் மூன்று மணி நேரம் போட்டால் ஆறு யூனிட். பத்து நாளில் அறுபது. இந்த அறுபதுதான் நமக்கு எல்லைக்கோடு. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, தாண்டுகிற வீட்டுக்கு இன்னொன்று. கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. புது ஹீட்டர் வாங்கினாலும் கணக்கு இதேதான்.

பழைய ஹீட்டரில் பார்க்க வேண்டியது வயரையும் பிளக்கையும். 2000 வாட் ஏறக்குறைய ஒன்பது அம்பியர் இழுக்கும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் என்று லயத்துக் காம்பராவில் போட்ட ஐந்து அம்பியர் சொக்கட் அதைத் தாங்காது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா? அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

வயசு உண்மையில் பார்க்க வேண்டிய சாமான், யாரும் சந்தேகப்படாத பிரிட்ஜ். அது சூட்டை உண்டாக்குவதில்லை. பெட்டிக்குள்ளே இருக்கிற சூட்டை அள்ளிப் பின்னால் கொட்டுகிறது. கதவு ரப்பர் தளர்ந்தாலும், பின்பக்கக் கம்பிவலையில் தூசி அடைந்தாலும், கம்ப்ரசர் தேய்ந்தாலும் அந்த வேலைக்கு மின்சாரம் கூடுதலாகக் கேட்கும்.

யாரோ கொழும்பில் கழித்துவிட்ட பிரிட்ஜை மலிவாகக் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்குமுன் பின்னால் குனிந்து, கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்கள். உள்ளே ஓடுகிற வாயுவைக் குறிக்க, ஆங்கில ஆர் எழுத்தோடு ஓர் இலக்கம் இருக்கும். 12 என்று இருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987இல் மொன்ட்ரியலில் உடன்பாடு கண்டு உலகம் கைவிட்ட வாயு அது. அந்தப் பெட்டி இருபது வயசைத் தாண்டியிருக்கும். 134ஏ என்றால் அதற்கு அடுத்த தலைமுறை. 600ஏ என்றால் இந்தக் காலத்துப் பெட்டி. இந்த 600ஏ தீப்பிடிக்கிற வாயு என்பதால், தெரியாத கையில் பழுது பார்க்கக் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அறிய வேறு கருவி வேண்டாம், வாசலில் தொங்குகிற மீட்டர் போதும். புது மீட்டரில் சின்ன விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டர் முகத்திலேயே எழுதியிருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜ் மட்டும் ஓடும்போது ஐந்து நிமிஷம் எண்ணுங்கள். இருபது மினுக்கு வந்தால் 150 வாட். ஓய்வில்லாமல் ஓடினால் மாதம் 108 யூனிட்! பாதி நேரம் ஓய்ந்தால் 54. நம் ஊர்க் குளிரில் பிரிட்ஜ் ஓடுகிற நேரத்தைவிட ஓய்கிற நேரம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்தால் முதலில் கதவில் ஒரு இருபது ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்ட பிறகு புதுப் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

ஒருவர் குளிக்கிற தண்ணீருக்குப் பெரிய கவலை வேண்டாம். இருபது லீற்றர் வாளித் தண்ணீரை இதமாகச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட். ஆனால் வீட்டில் ஐந்து பேர் தினமும் குளித்தால் மாதம் 75 யூனிட் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பலருக்கு அடுப்புதான் வெந்நீரும் வெதுவெதுப்பும். மூன்று கல் அடுப்பில் விறகுச் சூட்டில் ஒரு சிறு பங்குதான் பானைக்குப் போகும். 1980களிலிருந்து நாடெங்கும் பரவிய அனகி என்ற இரட்டை மண்ணடுப்பு, விறகில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம் பிடிக்கும். ஆனால் இந்த அடுப்புக்கு வயசு உண்டு. சுற்றிலும் மண் பூசாமல் வெறுமனே வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். இரண்டாவது சட்டி கொதிக்கத் தாமதமாகிறதா? விரிசல் வழியாகச் சூடு போகிறது. களிமண்ணில் சாம்பல் பிசைந்து அடைத்துவிடுங்கள். தேயிலைக் கவ்வாத்து முடிந்ததும் அள்ளிவந்த மிலாறை ஈரத்தோடு வைத்தால் எந்த அடுப்பும் தோற்றுப்போகும். நெருப்பு முதலில் மிலாற்றில் இருக்கிற தண்ணீரைத்தான் காய்ச்சும்.

இன்னொன்று, வீடு. டன்சினன் தோட்டத்து மகாத்மா காந்தி புரத்தில் 2018 ஆகஸ்டில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் 550 சதுர அடி. லயத்துக் காம்பராவைச் சூடாக்கிய ஹீட்டரை இத்தனை பெரிய வீட்டுக்குக் கொண்டுபோனால் போதாமல்தான் இருக்கும். அப்போதும் ஹீட்டர் மேல்தான் பழி. தகரக் கூரைக்குக் கீழே ஒரு சீலிங் அடித்து, கதவு இடுக்கில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், ஹீட்டர் நேரம் குறையும்.

ஆனால் இடுக்கை அடைத்த அறைக்குள் தணல் சட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரி எரிகிறபோது வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. குளிர் காய்ந்து முடிந்ததும் சட்டியை இஸ்தோப்புக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் படுங்கள்.